செவ்வாய்க்கிழமைக் கையெழுத்து

இல்லைங்க டீச்சர், உள்ள வேணாம், இங்க வெராந்தாவுலயே இருக்கேன். சப்பாத்து பூரா சேறு. அஸீஸ் சேர் இல்லைங்களா? ஆ... இன்னிக்கு வெள்ளிக்கெழமையாச்சே, ஜும்மாவுக்குப் போயிருப்பாரு. எனக்கு அது தோணவே இல்ல பாருங்க. பரவால்ல, இந்தப் பெட்டியத்தான் குடுக்க வந்தேன். ஒபீஸ்ல சேரோட மேசையில இருந்த சாமான். ரெண்டு கெழமையா அப்படியே கெடந்துச்சு. யாரும் எடுத்துட்டு வர மாட்டேங்கிறாங்க, மெனேஜர் கண்ணுல பட்டுருவோம்னு பயம். நான்தான் சொன்னேன், பஸ் ஸ்டேண்டுக்குப் போற வழிதானே, நான் குடுத்துர்றேன்னு.

நான் கஜேந்திரன் டீச்சர். கஜன் கஜன்னு சேர் சொல்லியிருப்பாரே. பெருநாளைக்கு வந்து வட்டிலப்பம் ரெண்டு தடவ வாங்கித் தின்னவன். ஆமா, ஆமா, ஸ்பிரிங்வெளித் தோட்டந்தான். நீங்க மறக்கல.

ஐயோ, டீ எல்லாம் வேணாம் டீச்சர்... சரிங்க. சீனி கொஞ்சமா போடுங்க.

தேங்ஸ் டீச்சர். இந்தாங்க, ஒண்ணொண்ணா பாத்துக்கங்க, ஏதும் கொறஞ்சா சொல்லணும். கண்ணாடிக் கூடு. கோப்பை, காது ஒடஞ்சதுதான், ஆனா சேர் வேற கோப்பையில குடிக்க மாட்டாரு. தொழுகப் பாய், இத மட்டும் தனியா சுத்திக் கொண்டுவந்தேன், மத்ததோட போட மனசு வரல. அகராதி. முட்டிக்காலுக்குத் தேய்க்கிற தைலம், பாதிப் போத்தல் இருக்கு. கால் இப்ப எப்பிடி இருக்கு? படி ஏற முடியுதா? ம். போன வருஷக் கடைசியிலயே ரொம்பக் கஷ்டப்பட்டாரு. ஒவ்வொரு படியிலயும் நிப்பாரு. எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு ஃபோன் பாக்குற மாதிரி நடிப்பாரு.

வீட்டுல ஒண்ணுமே சொல்லலையா அவரு? ஒண்ணுமேவா? திங்கக்கெழம வெசாரணைன்னு மட்டும் சொன்னாரா. அதுவும் நீங்க கேட்டதால. ம்... சேர் அப்பிடித்தான். ஒபீஸ்லயும் நாங்க கேட்டாத்தான் பேசுவாரு.

சேர வேலையில இருந்து நிறுத்தின அந்தக் கடிதம் நானும் பாத்தேன். இருபத்தாறு வருஷம் வேல செஞ்சவருக்கு ஆறு வரி. மெனேஜர்தான் எழுதினாரு, முதலாளி கையெழுத்து மட்டும் வச்சாரு. திங்கக்கெழம சேரு தான் செய்யலன்னு காட்டலைன்னா வேல போயிரும் டீச்சர். வேல மட்டும்னா பரவால்லையே. அந்த நோட்டீஸ எழுதினவருன்னு பேரு நின்னுரும். ஒரு பொம்பளப் புள்ளையப் பத்தி மொட்டை நோட்டீஸ் எழுதின ஆளுன்னு. நீங்க ஸ்கூலுக்குப் போற ஆளு, ஒங்க முன்னாடியே பேசுவாங்க. ...பேசிட்டாங்களா? ஸ்டாஃப் ரூம்லயா?

மன்னிச்சிக்கங்க டீச்சர். இல்ல, சும்மா சொன்னேன், கேக்க கஷ்டமா இருந்துச்சு, அதான்.

சொல்றேன். எனக்குத் தெரிஞ்சத மொதல்ல இருந்தே சொல்றேன். நீங்க உக்காருங்க, நீங்க நிக்கும்போது என்னால இருக்க முடியல.

எங்க முதலாளியப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதது இல்ல. விஜேந்திரன் முதலாளின்னா பதுளையில எந்த ஒபீஸ்லயும் எந்திரிச்சு நிப்பாங்க. எலக்ஷன் வந்தா ரெண்டு பக்கத்து ஆளுங்களும் எங்க மாடிப்படியிலதான் ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்குவாங்க. ஊவா மடல் என்னா பெரிய பேப்பரா? வாரப் பேப்பர், பதினாறு பக்கம். ஆனா லுணுகலையில இருந்து கொஸ்லந்த வரைக்கும் அதுல வந்தாத்தான் நடந்த மாதிரி. நாலு வரி போட்டு ஒரு தோட்டத்துத் தொரைய மாத்த வச்சாரு. அந்தக் கத எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல இன்னும் ஓடுது. நான் கெம்பஸ் முடிச்சு வந்து அந்தப் பேப்பர்ல சேந்தேன்னதும் எங்கம்மா லயம் பூராவும் வீடு வீடா போய்ச் சொல்லிச்சு. கவுர்மென்ட் வேல கெடச்சிருந்தாக் கூட அவ்வளவு சொல்லியிருக்காது.

அவரு சம்சாரம் செத்து ஒம்பது வருஷம். புள்ள இல்ல. அக்கா மகன்தான் மெனேஜர். நாளைக்குப் பேப்பர் எனக்குத்தான்னு அவர் நெனைக்கிறது ஞாயந்தான், வேற யாரு இருக்கா? ஆனா எழுத்து வேல பூரா சேர் கையில. மெனேஜர் ஒரு செய்தியக் கொண்டுவந்து போடுங்கன்னா, சேர் ஒரு வாட்டி படிச்சிட்டு, இது வெளம்பரம், காசு கட்டி வெளம்பரப் பக்கத்துல போடச் சொல்லுங்க தம்பின்னு திருப்பிக் குடுப்பாரு. எல்லார் முன்னாடியும். போன எலக்ஷன்ல ரெண்டு தடவ அப்பிடி நடந்துச்சு. அன்னையில இருந்து மெனேஜரு சேரப் பாத்து சிரிக்கிற சிரிப்பே வேற. பல்லு மட்டுந்தான் சிரிக்கும்.

இதுக்கு நடுவுல மலர் அக்கா. அற்புதமலர். வெளம்பரக் கவுன்டர்ல இருந்தாங்க. அவங்களும் ஸ்பிரிங்வெளிதான் டீச்சர், எங்க லயத்துக்கு மேல் லயம். அந்தோனிமுத்து மாமா மகள். எனக்கு இந்த வேல இருக்குன்னு ஆள் அனுப்பிச் சொன்னதே அவங்கதான். இன்டர்வியூவுக்கு வரும்போது மழை. தன்னோட கொடைய எங்கிட்ட குடுத்துட்டு அவங்க நனைஞ்சு போனாங்க.

அவங்க கவுன்டர்ல ஒரு பழக்கம் உண்டு. மரண அறிவித்தல் குடுக்க வர்றவங்க பாதிப் பேரு எழுதப் படிக்கத் தெரியாத ஆளுங்க. மலர் அக்கா எழுதி முடிச்சு, அத அவங்களுக்கே சத்தமா வாசிச்சுக் காட்டுவாங்க. மெதுவா. பேரன் பேத்தி பேரு ஒண்ணு விட்டுப் போனாலும் அந்த ஆளு சொல்லிருவாரு, திருத்துவாங்க, மறுபடி மொதல்ல இருந்து வாசிப்பாங்க. அந்த நேரத்துல ஒபீஸ்ல யாரும் பேச மாட்டோம். ஒரு நாள் என்னாச்சு, செத்தவருக்குப் பதிலா அவரு தம்பியோட போட்டோவப் போட்டுட்டோம். தம்பி உசுரோட வந்து நிக்கிறாரு, கையில பேப்பரோட. நான் எப்பய்யா செத்தேன், எங்க வீட்டுக்கு மாலையோட மூணு பேரு வந்துட்டாங்கன்னு. மலர் அக்கா அந்த ஆள உக்கார வச்சு டீ குடுத்து, ஒங்களுக்கு இனி நூறு வயசு மாமா, ஒங்க கண்டத்த எங்க பேப்பரே தின்னுருச்சுன்னாங்க. அந்த ஆளு சிரிச்சுட்டாரு. அதுக்கு மேல, ரூம் கதவாண்ட நின்னுக்கிட்டு முதலாளி சிரிச்சாரு. ஒம்பது வருஷத்துல அந்தச் சிரிப்ப யாரும் கேட்டதில்லையாம், பேக்கிங் மாடசாமி அண்ணன் சொன்னாரு.

அப்பிடித்தான் ஆரம்பிச்சிருக்கணும். எனக்குத் தெரியாது. இந்த வருஷம் மலர் அக்காவக் கட்டிக்கப் போறேன்னு எங்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னாரு. அவருக்கு அறுபத்தொண்ணு, அவங்களுக்கு முப்பத்திநாலு. அவரு டவுன் கடைக் குடும்பம், அவங்க தோட்டத்து வேதக்காரப் புள்ள. வேற என்னா வேணும் ஊருக்கு?

அந்தக் கூட்டத்துல சேர் ஒருத்தர்தான் வாயத் தொறந்தாரு. ஒங்களுக்குத் தெரியுமா இது? ஐயா, நீங்க செய்யிறது தப்பில்ல. ஆனா ஊரு ஒங்களப் பேசாது, அந்தப் புள்ளையத்தான் பேசும், அதத் தாங்குறதுக்கு என்னா வழி செஞ்சு வச்சிருக்கீங்கன்னு கேட்டாரு. முதலாளி மொகம் கறுத்துப் போச்சு. மெனேஜர் என்னா செஞ்சாரு தெரியுமா, மறுநாள் கேக் கொண்டுவந்தாரு. மாமா மாமான்னு அவரே ஒரு துண்டு ஊட்டி விட்டாரு. அப்ப நோட்டீஸ் வந்தப்ப முதலாளிக்கு யாரு மேல சந்தேகம் வரும், சொல்லுங்க? மொகத்துக்கு நேரா கேட்டவரு மேலதானே.

மெனேஜரு உள்ளுக்குள்ள என்னா நெனைச்சாருன்னு எனக்குத் தெரியும். பேப்பர் ரோல் அடுக்கியிருக்கிற ரூம்ல வச்சு எங்கிட்டயே சொன்னாரு. நாளைக்கு மாமாவுக்கு ஒண்ணுன்னா இந்தப் பேப்பர் ஒரு தோட்டக்காட்டுப் பொம்பள கையில, நாம எல்லாம் அவகிட்ட சம்பளத்துக்கு நிக்கணும்னாரு. சொல்லிட்டு என்னையப் பாத்தாரு. ஒடனே தோள்ல கை போட்டு, ஒன்னையச் சொல்லல கஜன், நீ படிச்சவன்னாரு.

நான் சிரிச்சேன் டீச்சர். அந்தச் சொல்லு எங்கம்மாவையும் சேத்துத்தானே. ஆனா எனக்கு அப்ப, நீ படிச்சவன்னு சொன்னது மட்டுந்தான் காதுல விழுந்துச்சு. சிரிச்சேன்.

டீ நல்லாருக்கு டீச்சர். இஞ்சி போட்டிருக்கீங்க இல்ல?

அந்த நோட்டீஸா? ஞாயித்துக்கெழமப் பேப்பருக்கு சனிக்கெழம பின்னேரம் பேக்கிங். கடைக்காரங்க வெளம்பரத் துண்டு குடுத்தா பேப்பருக்குள்ள மடிச்சு வச்சுத்தான் கட்டு கட்டுவாங்க, அது எப்பயும் நடக்கிறதுதான். ஏதோ புடவக்கடத் துண்டுன்னு நெனச்சு மாடசாமி அண்ணன் ஆளுங்க வச்சிட்டாங்க. வேற எங்கயோ அடிச்சது. பேரில்ல, அச்சகம் பேரில்ல. எங்க முதலாளிக்கு எதிரா, எங்க பேப்பர் கட்டுக்குள்ளயே போச்சு. லுணுகலைக்கு, பசறைக்கு, கொஸ்லந்தைக்கு, எங்க தோட்டத்துக்கு.

நீங்க முழுசா படிக்கலையா? சேர் கிழிச்சுப் போட்டுட்டாரா. ம். பொய் ஒண்ணும் இல்ல டீச்சர் அதுல. அதுதான்... ஒரு பொய்யும் இல்ல. மலர் அக்கா பத்தொம்பது வயசுல கொஸ்லந்தக்காரன் ஒருத்தனோட போயிட்டாங்க. அங்க மாரியம்மன் கோயில்ல தாலி கட்டினான். பதியல. நம்ம ஆளுங்க யாரு டீச்சர் அந்தக் காலத்துல ரெஜிஸ்டர் ஒபீஸுக்குப் போனாங்க? ஒரு நாள் பேரு, அந்த நாள் சம்பளம் போயிரும், தாலி கட்டினா கல்யாணம், அவ்வளவுதான். அவன் குடிகாரன், அடிச்சான். பதினாலு மாசத்துல அந்தோனிமுத்து மாமா போய்க் கூட்டிட்டு வந்துட்டாரு. அப்புறம் அதப் பத்தி எங்க தோட்டத்துல யாரும் பேசினதில்ல. மாமா மாதா கோயில்ல மூணாவது பெஞ்சில உக்காருவாரு, மலர் அக்கா பாட்டுக் குழுவுல பாடுவாங்க, எல்லாம் பழைய மாதிரி ஆயிருச்சு.

இப்ப கல்யாணப் பதிவுக்கு அறிவித்தல் ஒட்டணுமில்ல, பிரதேச செயலகத்துல, அந்த ஏஜிஏ ஒபீஸ் மாடிப் பலகையில, யாருக்காவது தட சொல்ல இருந்தா சொல்லட்டும்னு. அதுல மணமகளோட நிலைமைங்கிற எடத்துல விவாகமாகாதவர்னு இருந்துச்சு. சட்டப்படி அது சரி. பதியாதது சட்டத்துக்குத் தெரியாது. கோயில்லயும் அவங்களுக்கு அது கல்யாணமில்ல. ஆனா நோட்டீஸ்ல என்னா போட்டிருந்துச்சுன்னா, பதினாலு மாதம் ஒருவரோடு குடும்பம் நடத்தியவர் விவாகமாகாதவர் என்று கையெழுத்திட்டிருக்கிறார். அது கல்யாணம் என்றால் இது பொய். அது கல்யாணம் இல்லை என்றால் அதற்குப் பெயர் என்ன?

அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு கெட்ட வார்த்த கெடையாது. கேள்விதான் கேட்டிருந்துச்சு.

...ஆமா, மனப்பாடமா இருக்கு. ஒபீஸ்ல எல்லாருக்கும் மனப்பாடம் டீச்சர்.

பதிவு நடந்துச்சு. முதலாளி விடல, ரெண்டு சாட்சியோட போய் கையெழுத்து வச்சிட்டு வந்துட்டாரு. கோயில்ல ஆசீர்வாதம் மட்டும் நடக்கல. ஃபாதர் வேணாம்னு சொல்லல, மலர் அக்காதான் வேணாம்னுட்டாங்களாம். எல்லாரும் என்னைய ஏற எறங்கப் பாப்பாங்க, அந்தப் பாட்டுக் குழு முன்னாடி நான் நடக்க மாட்டேன்னு. அந்தோனிமுத்து மாமா கோயிலுக்கே வர்றதில்ல. மூணாவது பெஞ்சு சும்மா கெடக்குன்னு சொன்னாங்க. மலர் அக்கா முதலாளி வீட்டு மேல் மாடிய விட்டு எறங்குறதில்ல. அதப் பாத்துப் பாத்துத்தான் முதலாளிக்கு வெறி. எழுதினவன் எவனா இருந்தாலும் விடமாட்டேன்னு நிக்கிறாரு. அவரு கோவத்துல ஞாயம் இருக்கு டீச்சர். ஆளுதான் தப்பு.

கவுன்டர்ல இப்ப ஒரு புதுப் புள்ள, ஷிரோமி. கம்ப்யூட்டர்ல டக்குடக்குன்னு அடிச்சிட்டு ரசீது குடுத்துரும். வாசிச்சுக் காட்டுறதில்ல. நேத்து ஒரு வயசான அம்மா அறிவித்தல் குடுத்துட்டு, காசெல்லாம் கட்டி முடிச்சும் போகாம நின்னுச்சு. என்னம்மான்னு கேட்டா, வாசிப்பாங்களேன்னுச்சு. நான் போய் வாசிச்சேன். நடுவுல நிறுத்திட்டுக் கண்ணத் தொடச்சேன். அந்தம்மா என்னைய சமாதானப்படுத்துது, அழாத தம்பி, அவருக்கு எம்பத்தியெட்டு வயசு, கல்யாணச் சாவுதான்னு.

எங்கம்மாவா? நல்லாருக்கு. தனலெட்சுமி... நீங்க பேரெல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்க. இன்னும் கொழுந்துக்குப் போகுதுங்க, நிறுத்துன்னா கேக்காது.

அந்த நோட்டீஸ் வந்த மறுநாள், திங்கக்கெழம காலையில பெரட்டுல ஒரு ஆளு அத சத்தமா வாசிச்சிருக்கான். கொழுந்துக்குப் போறதுக்கு முந்தி பேரு குடுக்க எல்லாரும் பெரட்டுக் களத்துல நிப்பாங்க இல்ல, அங்க. சிரிப்புக் காட்டி வாசிச்சிருக்கான். எங்கம்மாவும் கூடையோட நின்னிருக்கு. அடுத்த ஞாயிறு நான் வீட்டுக்குப் போனேன். சோறு போட்டுச்சு, நெத்தலிக் கருவாடு. நான் தின்னு முடிக்கட்டும்னு இருந்துச்சு. அப்புறம் கேட்டுச்சு. ஏன்டா, பதியலைன்னா அது கல்யாணம் இல்லையாமே, அப்பிடியா? நான் சட்டத்துல அப்பிடித்தாம்மான்னேன். அப்ப நானும் ஒங்கப்பாவும் இருபத்தியெட்டு வருஷம் இருந்தோமே, அதுக்கு என்ன பேருடா?

கோவமா கேக்கல டீச்சர். நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சு. நான் படிச்சவனாச்சே, எனக்குத் தெரியும்னு கேட்டுச்சு.

எங்கப்பா அம்மாவும் பதியல. என் பெறப்புச் சான்றிதழ்ல ஒரு கூடு இருக்கு, பெற்றோர் விவாகமானவர்களான்னு. அதுல இல்லைன்னு எழுதியிருக்கு. கெம்பஸ்ல பதியப் போனப்ப அந்த எடத்த உள்ளுக்கு மடிச்சுத்தான் குடுத்தேன். கிளார்க்கு பிரிச்சுப் பாத்துட்டு சீலு குத்தினாரு. அது என் பேக்லயே இருக்கிற விஷயம் டீச்சர். அது தெரிஞ்ச ஒருத்தன் அந்தக் கேள்விய எழுத முடியுமா? நீங்களே சொல்லுங்க. எழுதியிருக்கக் கூடாதில்ல?

அம்மா அப்பிடிக் கேட்டதும் கைய கழுவிட்டு மத்தியானப் பஸ்ஸ புடிச்சு வந்துட்டேன்.

மழை விட்ட மாதிரி இருக்கு. ஜும்மா முடிய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்? ...அரை மணியா.

டீச்சர், நான் வந்தப்ப ஒரு பொய் சொன்னேன். வெள்ளிக்கெழமைங்கிறது தோணலன்னேன் இல்ல? தோணித்தான் வந்தேன். சேர் வீட்டுல இல்லாத நேரம் பாத்துத்தான் வந்தேன். சேர் மொகத்தப் பாத்து இந்தப் பெட்டியக் குடுக்க என்னால முடியாது.

அந்தக் கடிதத்தோட ஒரு ஃபோட்டோ கொப்பி வச்சிருந்தாங்களே, அது இருக்குங்களா? ஏஜிஏ ஒபீஸ் கேட்ல வர்றவங்க கையெழுத்து வைக்கிற புத்தகத்தோட பக்கம். கொண்டுவாங்க, ஒரு நிமிஷம்.

ஆமா, இதுதான். மெனேஜரு யாரையோ புடிச்சு எடுத்திருக்காரு. நோட்டீஸ்ல இருக்கிற வயசு, தேதி, எல்லாம் அந்தப் பலகையில இருந்தது, அதனால நோட்டீஸுக்கு முந்தின அந்தச் செவ்வாய்க்கெழம பலகையப் பாத்தவந்தான் எழுதியிருக்கணும், பேப்பர்ல இருந்து அன்னைக்குப் போனது அஸீஸ் ஒருத்தர்தான், இந்தா கையெழுத்துன்னு. இது ஒண்ணுதான் சாட்சி. வேற ஒண்ணும் கெடையாது.

எங்க பேப்பர்ல பலகைச் செய்தின்னு ஒரு பத்தி வருது, பாத்திருப்பீங்க. டென்டர், காணி, எல்லா அறிவித்தலும். அதுக்கு வாராவாரம் செவ்வாய்க்கெழம ஏஜிஏ ஒபீஸ் போய் பலகையப் பாத்து எழுதிட்டு வரணும். வேல சேரோட பேர்ல. பலகை மூணாவது மாடியில. லிஃப்ட் இல்ல. இந்தத் தைலத்தப் பாத்தீங்களே.

கண்ணாடியப் போட்டுக்கிட்டு நல்லாப் பாருங்க டீச்சர். நீங்க எத்தன வருஷமா சேரோட கையெழுத்தப் பாக்குறீங்க? சேர் போட்டா கடைசிக் கோடு கீழ எறங்கும். இதுல மேல போகுது.

எட்டு மாசமா நான்தான் போறேன். எம் பேர்லயே போட்டுட்டு வாப்பா, முதலாளிக்குத் தெரிஞ்சா கால் சரியில்லாதவன வீட்டுக்குப் போகச் சொல்லிருவாருன்னு சேர் கேட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான் அவர் செஞ்ச தப்பு. அந்தக் கடிதம் குடுக்கிறதுக்கு முந்தி ஒரு நாள் முதலாளி ரூம்ல கூப்பிட்டுக் கேட்டாங்க, இது ஒங்க கையெழுத்தான்னு. நான் கதவுகிட்ட பேப்பரோட நின்னேன். சேர் என்னைய ஒரு தடவ பாத்தாரு. ஆமா, நான்தான் போனேன், நான்தான் பாத்தேன், ஆனா நான் எழுதலன்னாரு. என் வேல இன்னும் நிரந்தரமாகல, இல்லைன்னு சொன்னா அந்த நிமிஷமே என்னைய வெளிய போட்டுருப்பாங்க. அதுக்காகச் சொன்னாரு. நான் பலகையப் பாத்தத யாருகிட்டயாவது வாய் தவறி ஒளறியிருப்பேன், அவ்வளவுதான்னு நெனச்சிருப்பாரு. அதுக்கு மேல என்னையப் பத்தி அவரால நெனைக்க முடியல.

நான் ஒளறல டீச்சர். பேப்பர் ரோல் ரூம்ல மெனேஜர் தோள்ல கை போட்டாருன்னு சொன்னேனே, அது அந்தச் செவ்வாய்க்கெழம பின்னேரந்தான். நான்தான் அவருகிட்ட போய்ச் சொன்னேன், பலகையில விவாகமாகாதவர்னு போட்டிருக்கு, எனக்கு அவங்க ஊர் விஷயம் தெரியும்னு. அவரு நீயே எழுதிக் குடுன்னாரு, நிரந்தரக் கடிதம் ரெடி பண்றேன்னாரு. அதுக்காக மட்டும் எழுதினேன்னு சொன்னா அதுவும் பொய். அந்தக் கடைசி வரி வந்து விழுந்தப்ப, ரூம்ல தனியா இருந்து நாலு தடவ வாசிச்சுப் பாத்தேன். நல்லா எழுதிட்டோம்னு இருந்துச்சு. சேரப் புடிக்க மெனேஜரு அத வச்சு வலை போடுவாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா மலர் அக்காவுக்கு என்னாகும்னு தெரியாதுன்னு சொல்ல முடியாது. அது தெரியும்.

நீங்க ஏதாவது பேசுங்க டீச்சர்... இல்ல, வேணாம். பேச வேணாம்.

மேல் மாடிக்கு நான் போனேன், மலர் அக்காவப் பாக்க. கேட் வரைக்குந்தான் போனேன். வேலைக்கார அம்மா யாருன்னு கேட்டுச்சு, தப்பா வந்துட்டேன்னு திரும்பிட்டேன். போன புதன்கெழம முதலாளி ரூம் கதவத் தட்டினேன். என்னன்னாரு. லீவு கேட்டேன். குடுத்தாரு. அந்த லீவுலதான் இப்ப வந்திருக்கேன்.

எல்லாரும் தெருவுல எறங்கி வர்றாங்க, முடிஞ்சிருச்சு போல. அந்தக் கறுப்புக் கொட சேருதானே? மெதுவா வர்றாரே, அவருதான். நான் பின் பக்கமா எறங்கிர்றேன்.

இத நீங்க வச்சுக்கங்க. எல்லாம் எழுதியிருக்கேன், புத்தகத்துல கையெழுத்து வச்சது, மெனேஜர் சொன்னது, நான் எழுதினது. பேரு, அடையாள அட்டை நம்பரு, தேதி எல்லாம் போட்டிருக்கு. இது என்னோட நெசமான கையெழுத்து. திங்கக்கெழம சேருகிட்ட குடுத்து விடுங்க, இல்ல நீங்களே கொண்டுபோய் முதலாளி மேசையில வைங்க. எங்கிட்ட திருப்பிக் குடுக்காதீங்க டீச்சர். நான் வந்து கெஞ்சினாலும் குடுக்காதீங்க. இத எழுதி ஒம்பது நாளாகுது. ஒம்பது நாளும் என் சட்டப் பையிலதான் இருந்துச்சு.